யானைக்காக யார் பேசுவது?

2023 மார்ச் கடைசியில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலிலும் சுற்றியுள்ள பஞ்சாயத்துகளிலும் கடையடைப்பு நடந்தது. மக்கள் சாலையில் வந்து அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: அரிக்கொம்பனைப் பிடித்துக்கொண்டு போங்கள். ரேஷன் கடையையும் வீடுகளையும் இடித்து அரிசி தின்று பழகியதால் அந்த ஆண்யானைக்கு அப்படியொரு பெயர். அதைப் பிடித்துக் கோடநாடு முகாமில் கும்கியாகப் பழக்க வனத்துறை ஏற்பாடு செய்திருந்தது. கேரள உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்து, வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. ஏப்ரல் 5-ஆம் தேதி, குழு சொன்னபடி யானையைப் பாலக்காடு மாவட்டத்துப் பறம்பிக்குளத்தில் விடும்படி உத்தரவு வந்தது. உடனே பறம்பிக்குளம் அடங்கிய முதலமடைப் பஞ்சாயத்தில் போராட்டம் கிளம்பியது. மாநில அரசு உச்சநீதிமன்றம் வரை போனது. ஏப்ரல் 17-இல் மனு தள்ளுபடியானது. ஏப்ரல் 29-இல் மயக்க ஊசி போட்டுப் பிடித்த யானையைப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் நகரத் தெருக்களில் நின்றது. ஜூன் 5-இல் தமிழ்நாடு வனத்துறை அதை மறுபடியும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனது.

அந்தப் பத்து வாரங்களில் எத்தனையோ குரல்கள் எழுந்தன. சின்னக்கானல்காரர்கள் உயிரைப் பற்றிப் பேசினார்கள். நகரத்து யானை அன்பர்கள் காட்டைப் பற்றிப் பேசினார்கள். யானை நடமாடும் இடத்தில் ஆட்களை ஏன் குடியமர்த்தினீர்கள் என்று நீதிமன்றம் அரசைக் கேட்டது. 2003-இல் 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்து உருவாக்கிய 301 காலனியை மனத்தில் வைத்து எழுந்த கேள்வி அது. சின்னக்கானலுக்கு ஆபத்தான யானை நமக்கு மட்டும் எப்படிச் சாதுவாகும் என்பது முதலமடையின் கேள்வி. ஒவ்வொரு குரலிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு குரல் இன்னொன்றுக்கு நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதாக நினைவில்லை. அவரவர் தம் பக்கத்து ஆட்களைப் பார்த்தே பேசினார்கள். மறுபக்கம் சொன்னதில் எது சரி, எது தவறு என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை.

பெரியவர்களின் இந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று யோசித்தால் நான் வகுப்பறையில்தான் போய் நிற்கிறேன். நம் பள்ளிகளில் வாதிடக் கற்றுக்கொடுக்கிறோம். பேச்சுப் போட்டி, பட்டிமன்றம், விவாத மேடை என்று அதற்கு வடிவங்களும் உண்டு. இடுக்கி மலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்திலும் இருக்கும் தமிழ் வழிப் பள்ளிகளுக்கும் இந்த வடிவங்கள் தமிழ்நாட்டிலிருந்து, தொலைக்காட்சி வழியாகவும் ஆசிரியர் வழியாகவும், வந்து சேர்ந்திருக்கின்றன. அவை கொடுப்பது என்ன, கெடுப்பது என்ன என்று ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும்.

கொடுப்பதை முதலில் சொல்கிறேன், அது பெரியது. லயத்து வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு, நூறு பேர் முன்னால் நின்று மூன்று நிமிடம் பேசுவது ஒரு பிறவி மாற்றம் போன்றது. அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவர். மேலாளர் எதிரில் வந்தால் ஒதுங்கி நிற்கும் பழக்கம் மூன்று தலைமுறையாக உடம்பில் ஊறியது. அந்தப் பிள்ளை ஒலிவாங்கிக்கு முன்னால் நிமிர்ந்து நின்று ‘நடுவர் அவர்களே’ என்று அழைக்கிறாள். பெரியவர்கள் கேட்கிறார்கள். கைதட்டுகிறார்கள். இந்த அனுபவத்தை வேறெந்தப் பாடமும் தருவதில்லை. பேச்சுப் போட்டியைப் பழித்து எழுதுகிறவர்கள் அந்த மூன்று நிமிடத்தை மறந்துவிடுகிறார்கள். நான் மறக்கமாட்டேன். எட்டாம் வகுப்பில் அப்படி ஒரு மேடை கிடைத்திராவிட்டால் எழுதும் துணிச்சலே எனக்கு வந்திருக்காது.

அதே மேடைதான் எனக்கு இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. அந்த ஆண்டு தலைப்பு, அறிவியல் வளர்ச்சி ஆக்கத்திற்கா அழிவிற்கா. எனக்கு ஆக்கம் வந்தது. ஆசிரியர் எழுதிக் கொடுத்தார், மனப்பாடம் செய்தேன், பரிசு வாங்கினேன். மறுவருடம் வேறு ஊரில் அதே தலைப்பு, அழிவு வந்தது. அதையும் மனப்பாடம் செய்தேன், அதற்கும் பரிசு. இரண்டு பேச்சுக்கும் நடுவில் என் எண்ணம் ஒரு நூல்கூட நகரவில்லை. எதிரணி என்ன பேசியது என்று அன்று மாலை யாராவது கேட்டிருந்தால் ஒரு வரி சொல்லியிருக்க மாட்டேன். அவர்கள் பேசும்போது நான் என் அடுத்த வரியை நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன்.

திருக்குறளின் வைப்புமுறையை இங்கே கவனிக்கச் சொல்வேன். கேள்வி என்ற அதிகாரம் 42-ஆவதாக வருகிறது. சொல்வன்மை 65. அவையறிதல் 72. அவையஞ்சாமை 73. கேட்பதில் தொடங்கி, சொல்லைப் பழகி, எதிரில் இருப்பவர் யார் என்று அறிந்து, கடைசியில்தான் அச்சமின்றி நிற்கும் இடத்துக்கு வருகிறோம். வள்ளுவர் இதைப் பாடத்திட்டமாக வகுத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் பள்ளிகள் 73-இல் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகின்றன என்பதைக் காட்ட இந்த வரிசை போதும்.

பட்டிமன்றம் என்ற சொல்லுக்கே நீண்ட வரலாறு உண்டு. மணிமேகலையில் இந்திர விழா அறிவிக்கப்படும்போது, சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிட அழைக்கப்படுகிறார்கள். அதே காப்பியத்தில் மணிமேகலை ஆண் துறவியின் வடிவத்தில் சேரரின் வஞ்சி நகரம் சென்று, ஒவ்வொரு சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். குறுக்கே பேசாமல் பெரும்பாலும் கேட்டுக்கொண்டே போகிறாள். அதன்பிறகு காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் கற்பிக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்புகள். அந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிகிறது என்பது ஏது. அடுக்களையில் புகை இருந்த இடத்தில் நெருப்பு இருந்தது என்பது திட்டாந்தம். அந்த அடுக்களை போல இந்த மலையும் புகையுடையது என்று பொருத்துவது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்று முடிப்பது நிகமனம். இதோடு நிற்காமல் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று தவறுகளையும் வகை பிரித்துச் சொல்கிறார். ஒரு பெண்ணுக்கு, தமிழில், தருக்கத்தின் ஓட்டைகள் உட்படக் கற்பித்த பாடம் இது. நம் பள்ளி மாணவி மணிமேகலையைப் படிக்கிறாள். அமுதசுரபியைப் பற்றி எழுதி மதிப்பெண் வாங்குகிறாள். ஏதுப்போலி என்ற சொல் அவள் காதில் விழுவதில்லை.

விழுந்தால் என்ன பயன்? சின்னக்கானலுக்கே திரும்புவோம். 2023 ஜனவரி 22-இல் பாலக்காட்டுத் தோணியில் பி.டி. 7 என்ற யானையைப் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். ‘தோணியில் பிடித்தார்களே, இங்கே ஏன் பிடிக்கக்கூடாது?’ என்று ஒரு பையன் கேட்டால், அவன் திட்டாந்தம் காட்டுகிறான் என்று பொருள். இரண்டு இடமும் ஒன்றுபோல இருக்கின்றனவா, இரண்டு யானையின் பழக்கமும் ஒன்றா என்று அடுத்தவள் கேட்கலாம். ‘அரிக்கொம்பன் போய்விட்டால் தொல்லை தீரும்’ என்று இன்னொருவன் சொன்னால் அவன் ஏதுவைச் சோதிக்க வேண்டும். அதே காட்டில் சக்கக்கொம்பன் என்ற இன்னொரு யானையும் இருந்தது. அரிக்கொம்பன் போன பிறகும் அதன் நடமாட்டமும் தாக்குதலும் நிற்கவில்லை. ஒரு யானையைச் சுட்டிய காரணம் முழுச் சிக்கலையும் தாங்குமா? பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்று நினைப்பவர்கள், ஏலக்காட்டு வழியில் பள்ளிக்கு நடந்து வரும் பிள்ளையோடு பேசியதில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எந்தத் தடத்தில் புதுச் சாணம் கிடக்கிறது, அதிலிருந்து யானை எவ்வளவு நேரத்துக்கு முன் போயிருக்கும் என்று அந்தப் பிள்ளை தினமும் அனுமானம் செய்கிறது.

நன்னூல் இன்னும் ஒரு படி போகிறது. நூலாசிரியன் கொள்ளக்கூடிய மதங்கள் ஏழு என்கிறார் பவணந்தியார். மதம் என்றால் இங்கே நிலைப்பாடு. பிறர் கருத்தை ஏற்பது, மறுப்பது, தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவது, மாறுபடும் இருவருள் ஒருவர் பக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, யாரோடும் சேராமல் தனிக் கருத்துக் கொள்வது ஆகியவை ஆறு. எஞ்சிய ஒன்றை, வரிசையில் மூன்றாவதாக வருவதைத்தான் நான் வகுப்பறைக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறேன்: பிறர் கருத்தை முதலில் தன் கருத்தாகவே மேற்கொண்டு, பிறகு அதைக் களைவது. மேற்கொள்ளாமல் களைய முடியாது. எதிராளியின் சட்டையைப் போட்டுப் பார்த்த பிறகே எங்கே பிடிக்கிறது என்று சொல்ல முடியும்.

இந்த மரபைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றுவிடவும் கூடாது. நீலகேசியை எடுத்துக்கொள்ளுங்கள். சமணப் பெண் ஒருத்தி ஊர் ஊராகச் சென்று பௌத்தர் முதலிய பிற சமயத்தாரோடு வாதிடுகிறாள். குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியம் முழுமையாகக் கிடைக்காத நிலையில், அதன் வாதங்கள் சிலவற்றை நாம் அறிவதற்கு நீலகேசியும் அதன் உரையும்தான் துணை. எதிரியின் சொல்லை எதிரியே காத்துவைத்திருக்கிறான். இதைவிடப் பெரிய மரியாதை உண்டா? ஆனால் அந்த நூலில் நீலகேசி ஒருமுறைகூடத் தோற்பதில்லை. தோற்கவே முடியாதவர் நடத்தும் வாதத்தில் கேட்பவர் கற்பதற்கு ஓர் எல்லை உண்டு. நம் முன்னோர் வாதத்தின் உறுப்புகளைத் துல்லியமாக வகுத்தார்கள். தன் கருத்து மாறுவதற்கு இடம் விட்டு வாதிடுவது அவர்களுக்கும் எளிதாக வரவில்லை.

இன்றைய மேடைப் பட்டிமன்றத்துக்கு வருகிறேன். குன்றக்குடி அடிகளார் காலத்தில் அது கோயில் விழாக்களில் இலக்கியத்தை ஊருக்குள் கொண்டுவந்தது. கம்பனின் பாத்திரங்களை எழுதப் படிக்கத் தெரியாதவரும் எடைபோட்டுப் பேசினார்கள் என்றால் அதற்கு அந்த மேடை காரணம். பின்னால் தொலைக்காட்சிக்கு வந்தபோது தலைப்பு மாறியது. குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா, அன்றைய வாழ்க்கையா இன்றைய வாழ்க்கையா என்பன போன்ற தலைப்புகளில் எந்தச் சான்று வந்தாலும் முடிவு மாறாது. பிள்ளைகள் பார்த்து வளர்வது இதை. சான்றால் தீர்க்க முடியாத தலைப்பைக் கொடுத்து வாதிடச் சொன்னால், சான்று தேவையில்லை என்பதே பாடமாகிவிடும். பள்ளி விவாதங்களின் முதல் பழுது தலைப்பில் இருக்கிறது. பேசும் பிள்ளையின் மேல் குறை சொல்வதற்கு முன்னால் தலைப்புக் கொடுத்தவரைக் கேட்க வேண்டும்.

இரண்டாம் பழுது மதிப்பெண் தாளில் இருக்கிறது. உச்சரிப்பு, குரல், உடல்மொழி, நேரம், கருத்து என்று கட்டம் போடுகிறார்கள். மறுபக்கத்துக்குப் பதில் சொன்னதற்கு ஒரு கட்டம் இருக்கும் தாளை நான் பார்த்ததில்லை. ‘பெரும்பாலும்’, ‘இந்த நிலையில்’, ‘எனக்குத் தெரிந்தவரை’ என்று சொல்லும் பிள்ளை தயங்குகிறாள் என்று மதிப்பெண் குறைகிறது. ஸ்டீபன் டூல்மின் 1958-இல் எழுதிய நூலில், வாதத்தின் உறுப்புகளில் ஒன்றாகவே இந்தத் தயக்கச் சொற்களை வைத்தார். கூற்று எவ்வளவு தூரம் செல்லும் என்று அளந்து சொல்வது அவருக்கு வாதத்தின் வலிமை. நமக்கு மேடைக் கூச்சம்.

வாதிடக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டுமா, தேவை வந்தால் தானே வராதா என்று கேட்பவர்களுக்கு மூணாறில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸ் 10 சதவீதமாகக் குறைந்திருந்தது. 20 சதவீதம் கேட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் வரவிடவில்லை. பெம்பிளை ஒருமை என்ற பெயர் அங்கிருந்து பிறந்தது. ஒன்பது நாளில் 8.33 சதவீதம் போனஸாகவும் 11.67 சதவீதம் கருணைத்தொகையாகவும், மொத்தம் 20 சதவீதம் பெற்றார்கள். அவர்களில் பலர் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். விவாத மேடையில் எவரும் பயிற்சி கொடுக்கவில்லை. தங்கள் கைக்குத் தெரிந்த வேலையையும் அதற்குக் கிடைக்கும் கூலியையும் வைத்துத் தமிழில் பேசினார்கள். மலையாளத் தொலைக்காட்சிகள் அந்தத் தமிழைத் தேடி மலையேறி வந்தன.

இது பேச்சுப் பயிற்சியே வேண்டாம் என்பதற்குச் சான்றாகுமா? அந்தப் போராட்டத்தின் அடுத்த கட்டத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. போனஸுக்குப் பிறகு, 232 ரூபாயாக இருந்த நாள்கூலியை 500 ஆக்கக் கேட்டார்கள். அதைப் பேசி முடிவு செய்யும் இடம் தோட்டத் தொழிலாளர் குழு. அங்கே மேசையில் அமர்ந்தவர்கள் அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் தலைவர்களும் முதலாளிகளும் அரசும்தான். அக்டோபரில் 301 ரூபாய் என்று முடிந்தது. சாலையில் வென்ற குரலுக்கு மேசையில் நாற்காலி இல்லை. நாற்காலி கிடைக்காததற்குச் சட்டமும் அதிகாரமும் காரணங்கள். அதைப் பேச்சுத் திறனின் குறை என்று சொல்வது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அவர்களுடைய பேத்திகள் நாளை அந்த நாற்காலியில் அமரும்போது, முழக்கத்தோடு இன்னொரு மொழியும் தேவைப்படும். எதிர்ப்பக்கம் நீட்டும் வரவுசெலவுக் கணக்கைப் படித்து, அதில் எந்த எண்ணை ஏற்கிறோம், எதை மறுக்கிறோம் என்று வரிவரியாகச் சொல்லும் மொழி. நம் பள்ளிகள் சாலை மொழியின் நகலை மட்டும் கற்பிக்கின்றன. மேசை மொழிக்கு வகுப்பே கிடையாது.

பாலக்காட்டுக்கே உரிய ஒரு முன்மாதிரி இதற்கு உண்டு. 1970-களின் கடைசியில் சைலன்ட் வேலி நீர்மின் திட்டம் பற்றிய விவாதத்தில், மின்வாரியமும் பெரும்பான்மை அரசியலும் திட்டத்தின் பக்கம் நின்றன. மலபாருக்கு மின்சாரம் வேண்டும், வேலை வேண்டும் என்பது அவர்கள் வாதம். அது பொய்யான வாதம் இல்லை. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற அறிவியல் அமைப்பு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. உயிரியல் அறிந்தவரோடு பொறியியலும் பொருளியலும் அறிந்தவர்கள் அமர்ந்து, மலபாருக்கு மின்சாரம் தர வேறு வழி உண்டா என்று கணக்கிட்டு எழுதினார்கள். காடு அழகானது என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர்களை ஓரமாகத் தள்ளியிருப்பார்கள். எதிராளியின் தேவையைத் தன் தேவையாக ஏற்ற பிறகே அவர்கள் மறுத்தார்கள். பிறகு திட்டம் கைவிடப்பட்டது; 1984-இல் அந்தப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நன்னூல் சொன்ன மூன்றாம் மதத்துக்கு நம் காலத்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆகவே யானையை வகுப்பறைக்குள் கொண்டுவரலாம் என்கிறேன். அமெரிக்காவில் டேவிட் ஜான்சனும் ரோஜர் ஜான்சனும் வகுத்த ஒரு முறை இதற்குப் பொருந்தும். இரண்டிரண்டு பேராக ஒரு பக்கத்தை எடுத்து வாதிடுவார்கள். பிறகு பக்கம் மாறி மறுபக்கத்தை அதே முனைப்போடு வாதிடுவார்கள். கடைசியில் பக்கங்களை விட்டுவிட்டு நால்வரும் சேர்ந்து ஒரு முடிவை எழுதுவார்கள். யார் வென்றார் என்ற கேள்வியே எழாது. சின்னக்கானல் வகுப்பில் 301 காலனிக் குடும்பம், எஸ்டேட் தொழிலாளி, வனத்துறை, முதலமடைவாசி என்று பக்கங்கள் அமையும். யானைக்காக ஒருவர் பேச வேண்டும். பறம்பிக்குளம் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே போகிற சாலை தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகத்தான். இப்படிப்பட்ட விவரங்களைத் தேடி எடுப்பதே பாதிப் படிப்பு.

இந்த இடத்தில் என் பேனா தயங்குகிறது. அந்த வகுப்பில், யானை இடித்த வீட்டுப் பிள்ளை ஒருவன் இருப்பான். உறவில் ஒருவரை இழந்த பிள்ளையும் இருக்கக்கூடும். ‘இப்போது நீ யானையின் பக்கம்’ என்று அவனிடம் சீட்டெடுத்துக் கொடுக்கலாமா? பக்கம் மாறி வாதிடும் முறையைப் பாராட்டி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காயம் இல்லாத தலைப்புகளை வைத்தே எழுதுகிறார்கள். வாழும் துயரத்தை விளையாட்டுக் காயாக உருட்டினால் பிள்ளை இரண்டில் ஒன்றைக் கற்கும்: தன் வலிக்கு இங்கே மதிப்பில்லை என்று, அல்லது எதையும் உணராமல் பேசலாம் என்று. இரண்டும் கேடு. யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதில் இந்த வகுப்பில் சீட்டு கூடாது. அந்தப் பிள்ளை பேச விரும்பினால் முதலில் பேசட்டும், சாட்சியாக. விரும்பாவிட்டால் மற்றவர்கள் எழுதும் முடிவைப் படித்து, ‘இதில் எங்கள் வீடு எங்கே?’ என்று கேட்கும் உரிமை அவனுக்கு இருக்கட்டும். இந்த வேறுபாட்டை உணர்ந்து நடத்தக்கூடிய ஆசிரியர் இல்லாத பள்ளியில் யானைத் தலைப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஆசிரியருக்கு இன்னொரு அச்சமும் உண்டு; அதைக் கோழைத்தனம் என்று தள்ள மாட்டேன். கேரளத்தின் 2007 பாடத்திட்டச் சட்டகம், சமூகத்தின் உண்மையான சிக்கல்களை வைத்தே கற்பிக்க வேண்டும் என்றது. நல்ல எண்ணம். மறுவருடமே ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் ‘மதமில்லாத ஜீவன்’ என்ற ஒரு சிறு பாடத்தின் மேல் மாநிலம் முழுவதும் போராட்டம் நடந்தது. மலப்புரத்தில் நடந்த வன்முறையில் தலைமையாசிரியர் ஒருவர் உயிரிழந்தார். அந்தச் செய்தியைப் படித்த எந்த ஆசிரியரும் ஆக்கமா அழிவா என்ற தலைப்பின் நிழலில் ஒதுங்கினால் எனக்குப் புரிகிறது. வகுப்பறையைத் திறந்த விவாதத்துக்கு அழைக்கிற அரசு, அதை நடத்துகிறவரின் பக்கம் நிற்கவும் வேண்டும். சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால் போதாது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் வழியில் படிக்கும் இடுக்கிப் பிள்ளை தமிழில் யோசிக்கிறது. பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளத்தில் கேட்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு ஆங்கிலத்தில் வருகிறது. 2021-இல் தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் தமிழில் பதவியேற்றார். மொழிபெயர்ப்பில் உறுதிமொழிக்குரிய ஒரு சொல் விடுபட்டிருந்ததால் ஒன்பது நாள் கழித்து மறுபடி ஏற்க வேண்டியிருந்தது. ஒரு சொல்லின் எடை என்ன என்று அந்தத் தொகுதிப் பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. தமிழில் கட்டிய வாதம் மலையாளத்துக்குப் போகும்போது எது உதிர்கிறது, எது கூடுகிறது என்று பார்ப்பதும் இங்கே வாதப் பாடத்தின் பகுதி. முதுவர் பழங்குடிப் பிள்ளைகளின் பேச்சுமொழி தமிழுக்கு நெருக்கமானது. பாடநூல் தமிழ் அவர்களுக்கு இன்னொரு படி. மேடைத் தமிழ் மட்டுமே வாதத் தமிழ் என்று வைத்தால் அவர்கள் வாய் திறக்கவே மாட்டார்கள்.

இனி, எங்கே தொடங்குவது? பறம்பிக்குளத்துக்கு அடுத்த மலையான வால்பாறையில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் தோட்டத் தொழிலாளரோடு சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். யானை எங்கே நிற்கிறது என்பது மாலையில் குறுஞ்செய்தியாக வரும். பேருந்திலிருந்து இறங்கும் இடங்களில், கைபேசி அழைப்பால் எரியும் சிவப்பு விளக்கும் உண்டு. அதை முன்னெடுத்த ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது கிடைத்தது. யானை இருக்க வேண்டுமா போக வேண்டுமா என்று கத்தியவர்கள் பலருக்கு இந்த மூன்றாம் வழி கண்ணில் படவில்லை. தேடச் சொன்னால் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். அதோடு கேள்விகளும் வரும். நம் ஊரில் கைபேசிக் கோபுரம் எட்டாத லயங்களுக்கு என்ன செய்வது? விளக்குக்கு யார் மின்கட்டணம் கட்டுவது? ஏலக்காட்டு வேலைக்குப் போடியிலிருந்து காலை ஜீப்பில் வந்து மாலையில் திரும்பும் பெண்களின் எண்கள் யாரிடம் இருக்கும்?

இந்தக் கேள்விகளைக் கொண்டுபோக இடமும் உண்டு. கேரளத்தின் மகளிர் இயக்கமான குடும்பஸ்ரீயின் பாலசபை பிள்ளைகளுக்கென்றே இருக்கிறது. கிராமசபையும் கூடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே கொடுக்கப்போகும் மனுவை எழுதுவதற்கு நான் கேட்பது இரண்டு பாடவேளை. நோட்டுத் தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் தங்கள் கோரிக்கை. வலப்பக்கம் பஞ்சாயத்துச் செயலரும் எஸ்டேட் மேலாளரும் வனக்காவலரும் அதற்கு என்ன மறுப்புச் சொல்வார்கள் என்று அவர்கள் வாயால் சொல்வதுபோல எழுத வேண்டும். எழுதி முடித்ததும் அந்த மூவரிடமும் நேரில் கொண்டுபோய்க் காட்டி, ‘நீங்கள் சொல்ல நினைத்தது இதுதானா?’ என்று கேட்டு வர வேண்டும். இல்லை என்று ஒருவர் சொன்னாலும் வலப்பக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும். அவர் ஆம் என்று சொன்ன பிறகுதான் இடப்பக்கத்துக்கு ஆசிரியர் மதிப்பெண் போடுவார்.